மடித்தது யார்? முத்திரை சொல்லும்!



பாராசூட் என்றதும் நம்மில் பலருக்கு நீல நிறத் தேங்காய் எண்ணெய் டப்பாதான் ஞாபகத்துக்கு வரும். நாம் இங்கே பேசப் போவது அதைப் பற்றி அல்ல. விமானத்தில் இருந்து குதிப்பவர் முதுகில் பை மாதிரி மாட்டிக்கொண்டு போவாரே, நடுவானில் குடை போல விரியுமே, அந்தப் பாராசூட்டைப் பற்றி.

அந்தக் குடைத் துணி தானாகப் போய்ப் பைக்குள் உட்கார்ந்துகொள்வது இல்லை. ஒருவர் அதை மடித்து, கயிறுகளைச் சிக்கு இல்லாமல் சுற்றி, பையில் வைத்து மூட வேண்டும். பல நேரம் மடிப்பது ஒருவர், குதிப்பது இன்னொருவர். குதிப்பவர் உள்ளே திறந்து பார்க்கவும் முடியாது. திறந்தால் மறுபடி மடிக்க வேண்டும். ஆக, இன்னொருவர் கைவேலையை நம்பித்தான் அவர் குதிக்கிறார்.

அந்த வேலையைச் செய்தது யார் என்று எப்படித் தெரியும்? நூறு பை அடுக்கி வைத்திருந்தாலும், "இது நான் மடிச்சது" என்று மடித்தவர் எப்படி அடையாளம் சொல்வார்? அமெரிக்காவில் இதற்கு ஒரு நல்ல நடைமுறை இருக்கிறது. நம் குழு வேலைகளுக்கும் அதில் பாடம் உண்டு.

ரிக்கர் என்பவர் யார்?

பாராசூட்டை மடிப்பது, சோதிப்பது, கிழிசல் தைப்பது ஆகிய வேலைகளைச் செய்பவருக்கு 'ரிக்கர்' என்று பெயர். அமெரிக்காவில் இந்த வேலைக்கு அந்நாட்டு அரசின் விமானப் போக்குவரத்துத் துறை உரிமம் கொடுக்கிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும். எந்த வகைப் பாராசூட்டுக்கு உரிமம் கேட்கிறாரோ, அந்த வகையில் குறைந்தது 20 பாராசூட்டாவது, தெரிந்தவர் மேற்பார்வையில் மடித்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வும் உண்டு, நேரில் செய்து காட்டும் தேர்வும் உண்டு.

விளையாட்டாகக் குதிப்பவர்களின் பையில் இரண்டு பாராசூட் இருக்கும். முதலாவது, வழக்கமாக விரிப்பது. இதைக் குதிப்பவரே மடித்துக்கொள்ளலாம். இரண்டாவது, முதலாவது கைவிட்டால் உயிர் காப்பது. இந்த இரண்டாவதை உரிமம் பெற்ற ரிக்கர்தான் மடிக்க வேண்டும். ஒரு தடவைகூடப் பயன்படுத்தாவிட்டாலும், 180 நாளுக்குள் அதைத் திறந்து, காற்றாட விட்டு, சோதித்து, திரும்ப மடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை மாட்டிக்கொண்டு குதிக்கக் கூடாது. முன்பு இது 120 நாளாக இருந்தது. 2008ல்தான் 180 நாள் ஆக்கினார்கள். நைலான் போன்ற செயற்கை இழைக்குத்தான் இந்தக் கணக்கு. பட்டுத் துணி என்றால் 60 நாள்தான்.

மடிப்பைப் பார்த்தே சொல்லலாமா?

பூச்சரத்தைப் பார்த்து, "இது இன்னார் கட்டு" என்று நாம் சொல்லிவிடுவோம். முறுக்குச் சுற்றைப் பார்த்தும் சொல்வோம். ஒவ்வொரு கைக்கும் ஒரு பழக்கம் இருக்கிறது அல்லவா?

பாராசூட் வேலையில் அந்தக் கைவண்ணத்துக்கு இடம் கிடையாது. எந்த மடிப்பு முதலில், எந்தக் கயிறு எங்கே என்று தயாரித்த கம்பெனி புத்தகம் போட்டுக் கொடுத்திருக்கும். யார் மடித்தாலும் அதன்படிதான் மடிக்க வேண்டும். இரண்டு பேர் சரியாக மடித்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பையை மூடிவிட்டால் மடிப்பே வெளியில் தெரியாது. அதனால் கண்ணை நம்பி, "என் வேலை மாதிரிதான் இருக்கு" என்று சொல்வது அங்கே செல்லாது. அடையாளம் வேண்டும்.

மூன்று அடையாளங்கள்

முதல் அடையாளம், ஈய முத்திரை. நம் வீட்டு ஈ.பி. மீட்டரில் கம்பி கட்டி ஒரு சீல் வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அது போலத்தான். பையை மூடிப் பிடித்திருக்கும் பின்னைச் சுற்றி மெல்லிய நூல் ஒன்றைக் கட்டி, நூல் முனையில் சின்ன ஈயத் துண்டு வைத்து, கையால் அழுத்தும் கருவியில் நசுக்குவார்கள். அப்போது ஈயத்தின் மேல் அந்த ரிக்கருடைய குறி பதியும். எழுத்தும் எண்ணுமாக மூன்று இடம் கொண்ட குறி அது. உரிமத்தோடு சேர்த்து அந்தத் துறையே கொடுப்பது. இன்னொருவர் அதைப் போடக் கூடாது.

அந்த நூல் பூட்டு அல்ல. ஆபத்தில் கைப்பிடியை இழுத்தால் உடனே அறுந்துவிட வேண்டும். அதற்காகத்தான் மெல்லிய நூல். மடித்த பிறகு யாராவது திறந்தார்களா இல்லையா என்று காட்டுவது மட்டும்தான் அதன் வேலை.

இரண்டாவது, பையோடு இருக்கும் அட்டை. மடித்த தேதி, இடம், சோதனையில் கண்ட குறைகள், ரிக்கர் பெயர், உரிம எண், கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும்.

மூன்றாவது, ரிக்கர் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பதிவேடு. எந்த வகைப் பாராசூட், அதன் வரிசை எண், யாருக்குச் சொந்தம், என்ன வேலை செய்தோம், எந்தத் தேதியில், எந்த இடத்தில் என்று எழுதி, குறைந்தது 2 வருஷம் பாதுகாக்க வேண்டும்.

முத்திரை, அட்டை, பதிவேடு ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான், "இது என் வேலை" என்று ரிக்கர் சொல்ல முடியும்.

முத்திரை அறுந்திருந்தால்?

மடித்தவர் கெட்டிக்காரர்தான். ஆனால் நடுவில் வேறு யாரோ கை வைத்திருந்தால்? நூல் அறுந்திருந்தால், உள்ளே இருப்பது தன் மடிப்புத்தான் என்று ரிக்கர் பொறுப்பேற்க முடியாது. திறந்து, முழுவதும் சோதித்து, புதிதாக மடித்து, புது முத்திரை வைக்க வேண்டும்.

சகோதரிகளே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தப்பு செய்தவரைப் பிடிக்க மட்டும் இந்த முத்திரை இல்லை. ஒழுங்காக வேலை செய்தவரைக் காப்பாற்றுவதும் இதுதான். "நான் வைத்தபோது சரியாக இருந்தது, இதோ தேதி, இதோ கையெழுத்து" என்று சொல்ல அவர் கையில் ஆதாரம் இருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. 180 நாள் கழித்து அதே பை அதே ரிக்கரிடம் வருகிறது. முத்திரை அப்படியே இருக்கிறது. "நாம மடிச்சதுதானே, நல்லாத்தான் இருக்கும்" என்று திறக்காமலே அட்டையில் புதுத் தேதி போட்டுக் கொடுத்தால்? அந்தத் தொழிலில் இதற்குப் 'பென்சில் பேக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மடித்தது கை அல்ல, பென்சில்தான் என்று அர்த்தம்! அது பெரிய குற்றம். தன் வேலையே ஆனாலும் திறந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

முத்திரை வைக்கும் முன்பு கருவிகளையும் எண்ணிப் பார்ப்பார்கள். மடிக்கும்போது தற்காலிகமாகக் குத்தி வைக்கும் பின்களில் சிவப்பு ரிப்பன் கட்டி வைப்பார்கள். ஒரு பின் உள்ளேயே தங்கிவிட்டால் பாராசூட் விரியாமல் போகலாம் அல்லவா?

பெண்கள் கையில் இருந்த உயிர்கள்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த வேலையைப் பெண்கள் ஏராளமாகச் செய்தார்கள். இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் உள்ள ரிங்வே என்ற இடத்தில், விமானப்படையின் பெண்கள் பிரிவினர் நீண்ட மேஜைகளில் பாராசூட் மடித்தார்கள். ஒவ்வொரு பாராசூட்டையும் நம்பி ஓர் உயிர் இருக்கிறது என்று நினைவூட்டும் பலகை அங்கே மாட்டியிருந்தது.

அமெரிக்காவில் அடலின் கிரே என்ற பெண் உரிமம் பெற்ற ரிக்கர். போரினால் ஜப்பானில் இருந்து பட்டு வருவது நின்றுபோனது. நைலான் துணியில் பாராசூட் செய்து பார்த்தார்கள். அதை நம்பி முதலில் குதிப்பது யார்? 1942 ஜூன் 6ஆம் தேதி கனெக்டிகட் மாநிலத்தில் அடலின் கிரேதான் குதித்தார். பத்திரமாகத் தரை இறங்கினார்.

அமெரிக்க ராணுவத்தில் ரிக்கராக வேலை செய்பவர் தானும் குதிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அங்கேயும் மடித்தவர் பெயர் பதிவுப் புத்தகத்தில் ஏறும். 'எப்போதும் உறுதி செய்துகொள்வேன்' என்பது அவர்கள் எடுத்துக்கொள்ளும் வாக்கு.

இரண்டாவது பாராசூட்டால் உயிர் பிழைத்தவர், அட்டையைப் பார்த்து, மடித்த ரிக்கரைத் தேடிப் போய் நன்றி சொல்வது உண்டு. அதோடு ஒரு மது பாட்டிலும் பரிசாகக் கொடுப்பது அவர்கள் வழக்கம். நமக்கு அந்தப் பாட்டில் வேண்டாம்! ஆனால் தேடி வந்து நன்றி சொல்ல ஒரு பெயர் எழுதி இருக்கிறதே, அது நமக்கும் வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

நம் குழுவில் சத்துமாவு, ஊறுகாய், மசாலாப் பொடி போட்டு விற்கிறோம். எல்லாப் பாக்கெட்டும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஒரு பாக்கெட்டில் குறை என்று கடைக்காரர் சொன்னால், பத்துப் பேர் உழைப்புக்கும் சேர்த்துக் கெட்ட பெயர். பாக்கெட்டின் மேல் தேதியும் பேட்ச் எண்ணும் இருந்து, அன்றைக்கு அரைத்தது யார், எடை போட்டது யார், ஒட்டியது யார் என்று நோட்டிலும் இருந்தால், குறை எங்கே என்று உடனே தெரியும். சண்டை வராது. மற்றவர்கள் மேல் பழியும் வராது.

தீர்மானப் புத்தகமும் ரொக்கப் புத்தகமும் அப்படித்தான். பணத்தை எண்ணிப் பார்த்த பிறகு கையெழுத்து. வராதவருக்காக இன்னொருவர் போடக் கூடாது. "போன மாசம் சரியாத்தானே இருந்துச்சு" என்று பார்க்காமலே போடவும் கூடாது. அது நம் ஊர்ப் பென்சில் பேக்!

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள்: நம் குழுவில் ஒவ்வொரு வேலையையும் செய்தவர் பெயர் எங்கே எழுதி இருக்கிறது? எழுதாமல் விட்டது எது? கையெழுத்துப் போடும் முன் நாம் திறந்து பார்க்கிறோமா?