ஜூரியாக வரச்சொல்லி கடிதம் வந்தால்...



கோர்ட்டிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது என்றாலே லயத்தில் கலக்கந்தான். "என்ன கேஸ்? யாரு போட்டாங்க?" என்று பக்கத்துக் காம்பராவிலிருந்தும் கேட்பார்கள். ஆனால் கோர்ட் கடிதம் எல்லாமே நம்மீது குற்றம் சுமத்தும் கடிதம் அல்ல. சாட்சி சொல்லக் கூப்பிடலாம். ஜூரியாக உட்காரவும் கூப்பிடலாம். ஜூரியாகக் கூப்பிட்டால், இன்னொருவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கிறார்கள் என்று அர்த்தம். அது பயப்படுகிற காரியமல்ல. தட்டிக்கழிக்கிற காரியமும் அல்ல.

இன்று நமது பிள்ளைகள் பலர் ஆசிரியர்களாகவும், கந்தோர்களில் எழுதுவினைஞர்களாகவும் இருக்கிறார்கள். ஆகவே இந்த விஷயத்தை நாம் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஜூரி என்பவர் யார்?

ஜூரி என்பவர் சட்டம் படித்தவர் அல்ல. சாதாரண குடிமகன் அல்லது குடிமகள். நமது நாட்டில் மேல் நீதிமன்றத்தில், அதாவது ஹைகோர்ட்டில் மட்டுந்தான் ஜூரி உண்டு. நீதவான் நீதிமன்றத்தில் இல்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையின்படி ஒரு வழக்குக்கு 7 ஜூரிமார்.

நீதிபதிக்கும் ஜூரிக்கும் வேலை வேறு வேறு. சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீதிபதி சொல்வார். நடந்தது என்ன, எந்தச் சாட்சியை நம்பலாம் என்பதை ஜூரிமார் முடிவு செய்வார்கள். தண்டனை கொடுப்பது நீதிபதியின் வேலை. ஜூரி சொல்ல வேண்டியது ஒன்றுதான்: குற்றவாளியா, இல்லையா?

எல்லாப் பெரிய வழக்குக்கும் ஜூரி வருவதில்லை. கொலை போன்ற பாரதூரமான குற்றங்களில், எதிரி "எனக்கு ஜூரி வேண்டும்" என்று கேட்டால்தான் பொதுவாக ஜூரி அமைப்பார்கள். இப்போது பெரும்பாலான வழக்குகளை நீதிபதி தனியாகவே விசாரிக்கிறார்.

பழைய கதை கொஞ்சம்

இலங்கைக்கு ஜூரி முறை வந்தது 1811இல். பிரதம நீதியரசராக இருந்த அலெக்ஸாண்டர் ஜோன்ஸ்டன் கொண்டுவந்தார். அப்போது 13 பேர் ஜூரியாக இருந்தார்கள். எந்தச் சாதிக்காரர் எதிரியோ அந்தச் சாதியிலிருந்தே ஜூரிமாரை எடுத்தார்கள். பிற்காலத்தில் சாதி போய் மொழி வந்தது. சிங்களம் பேசுவோர், தமிழ் பேசுவோர், ஆங்கிலம் பேசுவோர் என்று மூன்று பட்டியல் போட்டார்கள்.

வெள்ளைக்காரன் காலத்துப் பட்டியலில் சொத்தும் வருமானமும் உள்ள ஆண்களின் பெயர்தான் இருந்தது. கொழுந்து பறித்தவருக்கும் கவ்வாத்து வெட்டியவருக்கும் அங்கே இடமில்லை. ஆனால் குற்றவாளிக் கூண்டில் மட்டும் இடம் இருந்தது. 1941இல் ஸ்டெலன்பர்க் தோட்டத்துத் துரை போப் கொலை செய்யப்பட்ட வழக்கில் தோட்டத் தொழிலாளர் இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தக் காலத்தில் கொலை வழக்கெல்லாம் ஜூரி முன்னால்தான் நடந்தது. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. பல போராட்டங்களுக்குப் பிறகு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கிடைத்தது. அப்படிக் கிடைத்த உரிமையோடு சேர்ந்து வந்த கடமைகளில் ஒன்றுதான் இந்த ஜூரிக் கடமை.

கடிதம் வந்தவுடன் என்ன செய்வது?

தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் பல இடங்களில் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் கைக்கு வருகின்றன. பிந்தியும் வரலாம். அதனால் கடிதத்தை வாங்கிய உடனே மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்தக் கோர்ட், எந்தத் திகதி, எத்தனை மணி. கடிதம் சிங்களத்தில் இருந்து விளங்காவிட்டால், நம்பிக்கையான ஒருவரிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

வேலை செய்யும் இடத்துக்கு அன்றைக்கே அறிவியுங்கள். கடுமையான வருத்தம், வீட்டில் பிரசவம் போன்ற காரணம் இருந்தால், அதற்குரிய துண்டோடு திகதிக்கு முன்பே கோர்ட்டுக்கு எழுத்தில் சொல்லுங்கள். சும்மா போகாமல் இருந்துவிட்டால் தண்டப்பணம் கட்ட வேண்டி வரும்.

பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கமிருந்து பதுளைக்கு வருகிறவர்கள் முதல் பஸ்ஸையே பிடித்து விடுங்கள். கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். வந்து போனதற்கு கோர்ட்டில் ஒரு கடிதம் கேட்டு வாங்கி, வேலைத்தலத்தில் கொடுங்கள்.

கோர்ட்டுக்குள் என்ன நடக்கும்?

வந்தவர்கள் எல்லோரும் ஜூரியாவதில்லை. திறந்த கோர்ட்டில் சீட்டு எடுப்பார்கள். பெயர் வந்தவர் முன்னால் போக வேண்டும். அப்போது எதிரியின் சட்டத்தரணியோ அரசாங்க சட்டத்தரணியோ "இவர் வேண்டாம்" என்று சொல்லலாம். சில பேரைக் காரணம் சொல்லாமலே மறுக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. அதை அவமானமாக நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

எதிரியையோ செத்தவரின் குடும்பத்தையோ உங்களுக்குத் தெரியுமா? சொந்தமா, சம்பந்தியா, ஒரே டிவிஷனா? அதை அப்போதே நீதிபதியிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பிறகு வழக்கே குழம்பும்.

ஏழு பேரும் சத்தியம் செய்து, தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தெரிவு செய்வார்கள். பிறகு சாட்சி விசாரணை. அது ஒரு நாளிலும் முடியலாம், வாரக்கணக்கிலும் போகலாம். கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின் மீதான கொலை வழக்கு 50 நாளுக்கு மேல் ஜூரி முன் நடந்து, 1953 ஜூன் 25இல் அவர் விடுதலையானார்.

கடைசியில் நீதிபதி வழக்கை ஜூரிக்கு விளக்கிச் சொல்வார். பிறகு ஜூரிமார் தனி அறைக்குப் போய்ப் பேசுவார்கள். ஏழு பேரும் ஒத்துப்போனால் நல்லது. இல்லாவிட்டால் குறைந்தது 5 பேர் ஒரு பக்கம் இருக்க வேண்டும். 4க்கு 3 என்று வந்தால் அது தீர்ப்பாகாது.

மனதில் வைக்க வேண்டியது ஒரே ஒரு விதி. எதிரி தன்னை நிரபராதி என்று காட்டத் தேவையில்லை. அவர்தான் செய்தார் என்று அரசாங்கத் தரப்பு காட்ட வேண்டும். நியாயமான சந்தேகம் இருந்தால் எதிரியை விட வேண்டும். "போலீஸ் பிடிச்சிருக்கே, சும்மாவா பிடிப்பாங்க?" என்ற பேச்சு ஜூரி அறைக்குள் செல்லாது. "அவன் எதிர்ச் சங்கத்துக்காரன்", "அவன் வேற ஆளுங்க" என்பதும் செல்லாது.

வழக்கு முடியும்வரை அதைப்பற்றி வீட்டிலும் பேசக்கூடாது. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போதும் பேசக்கூடாது. சம்பவம் நடந்த இடத்தைத் தானாகப் போய்ப் பார்க்கவும் கூடாது. யாராவது காசு தருகிறேன் என்றாலோ மிரட்டினாலோ உடனே நீதிபதிக்குத் தெரியப்படுத்துங்கள்.

நம்ம ஆள் கூண்டில் நின்றால்?

இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள். நமது குடும்பத்தில் ஒருவர் ஜூரியாகப் போவதை விட எதிரியாக நிற்கும் நிலை வந்தால், அங்கே ஒரு கேள்வி முக்கியம். ஜூரி கேட்கக்கூடிய வழக்கில் "ஜூரி முன் விசாரணை வேண்டுமா?" என்று மேல் நீதிமன்ற நீதிபதி எதிரியிடம் கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் விட்ட சில வழக்குகளை மேன்முறையீட்டு நீதிமன்றம் திரும்ப விசாரிக்க அனுப்பியிருக்கிறது.

நம்மவர் பலர் விளங்காமலே தலையை ஆட்டிவிடுவார்கள். அப்படி ஆட்ட வேண்டாம். "எனக்கு விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று தைரியமாகக் கேளுங்கள். ஊவாவில் கோர்ட் மொழி சிங்களம். ஆனாலும் தமிழில் விளங்கப்படுத்தக் கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. அதைச் செய்யத்தான் கோர்ட் முதலியார் இருக்கிறார். சட்டத்தரணி பிடிக்க வசதியில்லாவிட்டால் அதையும் நீதிபதியிடம் சொல்லுங்கள். மேல் நீதிமன்றத்தில் அரசாங்கச் செலவில் ஒரு சட்டத்தரணியை நியமிப்பார்கள்.

ஜூரி நல்லதா, நீதிபதி தனியாகக் கேட்பது நல்லதா? இதைச் சட்டத்தரணியோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஒரு வித்தியாசத்தை மட்டும் சொல்கிறோம். நீதிபதி தனியாக விசாரித்தால் தீர்ப்புக்குக் காரணம் எழுதுவார். ஜூரி காரணம் சொல்வதில்லை. அதனால் ஜூரியில் யார் உட்காருகிறார்கள் என்பது பெரிய விஷயம். எந்த மொழி ஜூரி வேண்டும் என்று எதிரி கேட்கலாம்.

2006இல் கொல்லப்பட்ட பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கில், எதிரிகள் சிங்களம் பேசும் ஜூரியைக் கேட்டார்கள். ரவிராஜ் குடும்பத்தின் தரப்பு அதை எதிர்த்தது. 2016 டிசம்பரில் அந்த ஜூரி எதிரிகளை விடுதலை செய்தது. காரணம் எழுதாத தீர்ப்பு என்பதால் அதைப்பற்றிய பேச்சு நாடெங்கும் எழுந்தது.

ஆகவே இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தொழிலாளி கூண்டில் நின்று தமிழ் பேசும் ஜூரியைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அழைப்புக் கிடைத்த தமிழர்கள் "நமக்கேன் வம்பு" என்று வீட்டிலிருந்துவிட்டால் அவருக்கு யார் உட்காருவது? சாட்சி சொல்லும் கொழுந்துக்காரப் பெண்ணின் பேச்சை நேரடியாகக் கேட்டு விளங்கிக்கொள்ள அங்கே யார் இருப்பது?

கடிதம் வந்தால் போங்கள். கூண்டில் நிற்பவர் தமிழரோ, சிங்களவரோ, முஸ்லிமோ, சாட்சியை மட்டும் கேட்டு, மனச்சாட்சிப்படி சொல்லுங்கள்.