கர்ப்பிணிகளுக்கு ரத்தச் சுத்திகரிப்பு: 'பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச்' எப்படி உதவுகிறது?

மஞ்சள் காமாலை என்றதும், 'கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சா சரியாகிடும்' என்பதுதான் பல வீடுகளில் முதலில் வரும் யோசனை. ஆனால், பாதிக்கப்பட்டவர் கர்ப்பிணியாகவும், காரணம் ஹெபடைட்டிஸ்-ஈ வைரஸாகவும் இருந்தால், காத்திருப்பதே ஆபத்து. அசுத்தமான குடிநீர் வழியே பரவும் இந்தத் தொற்று, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு வந்தாலோ, 20 முதல் 25 சதவிகிதம் பேர் வரை உயிரிழக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நிலைமை மோசமாகும்போது சில மருத்துவமனைகளில் டாக்டர்கள் பரிந்துரைப்பதுதான் 'பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச்'. அப்படியென்றால் என்ன?

கல்லீரல் செயலிழந்தால் என்ன ஆகும்?

அம்மோனியா, பிலிருபின் போன்ற கழிவுகள் ரத்தத்தில் தேங்கும். ரத்தம் உறையத் தேவையான புரதங்கள் குறையும். மூளை பாதிக்கப்பட்டு நினைவு தடுமாறும். ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து, கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகளுக்குத் தரப்படுவதில்லை.

மெஷின் என்ன செய்கிறது?

நம் ரத்தத்தில் சுமார் 55 சதவிகிதம், பிளாஸ்மா என்ற மஞ்சள் நிறத் திரவம்தான். கழுத்து அல்லது தொடையில் உள்ள பெரிய ரத்தக்குழாய் வழியாக ரத்தத்தை எடுத்து, மெஷின் பிளாஸ்மாவை மட்டும் தனியாகப் பிரிக்கும். அதற்குப் பதிலாக, தானமாகப் பெற்ற பிளாஸ்மாவைச் சேர்த்து ரத்த அணுக்களைத் திரும்ப உடலுக்குள் அனுப்பும். கழிவுகள் வெளியேறும், உறையவைக்கும் புரதங்கள் உள்ளே வரும்.

டயாலிசிஸ் மாதிரிதானா?

இல்லை. டயாலிசிஸ், யூரியா போன்ற சிறிய மூலக்கூறுகளை வடிகட்டும். பிலிருபின் மாதிரி புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பவை அதில் எளிதில் வெளியேறாது.

வயிற்றில் இருக்கும் குழந்தை?

கர்ப்பிணியின் உடலில் ரத்தத்தின் அளவு வழக்கத்தைவிட 40 முதல் 50 சதவிகிதம் வரை கூடியிருக்கும். அதைக் கணக்கில் வைத்துதான் எவ்வளவு பிளாஸ்மாவை மாற்றுவது என்று முடிவு செய்வார்கள். பெரிய ரத்தக்குழாயைக் கருப்பை அழுத்தாமல் இருக்க, இடதுபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைப்பார்கள். ரத்த அழுத்தம் குறையலாம், கால்சியம் குறைந்து உதடு மரத்துப்போகலாம், அலர்ஜி வரலாம். அதனால் தாயையும் குழந்தையின் இதயத்துடிப்பையும் தொடர்ந்து கண்காணிப்பார்கள்.

பலன் கேரன்டியா?

இல்லை. டென்மார்க், பிரிட்டன், பின்லாந்தில் 182 கல்லீரல் செயலிழப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. பிளாஸ்மா மாற்றப்பட்டவர்களில் 58.7 சதவிகிதம் பேர் உயிரோடு வீடு திரும்பினர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 47.8 சதவிகிதம். அது கர்ப்பிணிகளுக்கென்று நடத்தப்பட்ட ஆய்வு அல்ல. இன்னொன்று, இந்தச் சிகிச்சை வைரஸைக் கொல்லாது. கல்லீரல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள அவகாசம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

எப்போது உஷாராக வேண்டும்?

அந்த அவகாசம் கிடைக்க வேண்டுமென்றால், சீக்கிரம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, நிற்காத வாந்தி இருந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். அதிகத் தூக்கம், குழறும் பேச்சு, ரத்தக்கசிவு இருந்தால் உடனே 108-ஐ அழைத்து, ஐ.சி.யூ வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால், குடிநீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்தே கொடுங்கள்.