ஊர் மைதானமும் ஒரு வயல்தான்!

வயலில் முளைத்தால் களை. விளையாட்டு மைதானத்தில் முளைத்தால் பயிர். அருகம்புல்லின் கதை இதுதான். 'ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி' என்று கல்யாண வீட்டில் வாழ்த்துவதும் இதன் வேரைப் பார்த்துத்தான். நெல்லுக்கும் கரும்புக்கும் தண்ணீர்க் கணக்குப் பார்க்கும் விவசாயி, ஊர் மைதானத்துப் புல்லுக்கும் அதே கணக்கைப் போட வேண்டிய காலம் இது. இரண்டும் குடிப்பது ஒரே நிலத்தடி நீரைத்தான்.

காஞ்சிபுரம் பட்டுக்கும் கோயிலுக்கும் மட்டுமல்ல, ஏரிகளுக்கும் பேர்போன பகுதி. கோடையில் ஏரி வற்றினால், அதன் உள்வாய்தான் பையன்களுக்குக் கிரிக்கெட் மைதானம். அதில் தவறில்லை. ஆனால், நிரந்தர மைதானம் அமைக்கிறோம் என்று லாரி லாரியாக மண் கொட்டி வரத்துக் கால்வாயை மூடினால், அடுத்த போகத்துக்கு மதகில் தண்ணீர் இருக்காது. மைதானத்துக்கு இடம் பார்க்கும்போதே நீர்வழியையும் பார்த்துவிட வேண்டும்.

எவ்வளவு குடிக்கிறது?

ஒரு ஏக்கரில் 1 மில்லி மீட்டர் உயரத்துக்கு நீர் விட, சுமார் 4,000 லிட்டர் தேவை. கோடையில் தினமும் 5 மி.மீ. பாய்ச்சினால் ஏக்கருக்கு 20,000 லிட்டர். ஐந்து ஏக்கர் மைதானம் என்றால் நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர். நெல் வயலில் 5 செ.மீ. நீர் கட்ட ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர் ஆகும். அதாவது, அந்த மைதானம் இரண்டு நாளில் குடிப்பது, ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு தடவை பாய்ச்சும் தண்ணீர்.

இந்தக் கணக்கு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2016 ஏப்ரலில் மகாராஷ்டிராவின் லாத்தூருக்கு ரயிலில் குடிநீர் போனது. அதே மாதம், ஏப்ரல் 30-க்குப் பிறகு நடக்க வேண்டிய ஐ.பி.எல். போட்டிகளை மாநிலத்துக்கு வெளியே மாற்றும்படி மும்பை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மும்பையில் நடக்க இருந்த இறுதிப் போட்டி பெங்களூருக்குப் போனது. அந்தப் பெங்களூரும் 2024-ல் குடிநீருக்குத் தவித்தபோது, சின்னசாமி மைதானத்துப் புல்லுக்குச் சுத்திகரித்த கழிவுநீர்தான் கைகொடுத்தது.

தினமும் வேண்டாம், ஆழமாகப் போதும்

தினமும் மேலோட்டமாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். ஒருநாள் தவறினாலும் புல் வாடும். வாரம் ஒருமுறை 25 மி.மீ. அளவுக்கு ஆழமாக நனைத்தால் வேர் கீழே இறங்கும். தினமும் 5 மி.மீ. என்றால் வாரத்துக்கு 35 மி.மீ.; ஆக, ஏக்கருக்கு 40,000 லிட்டர் மிச்சம். மணல்பாங்கான நிலமாக இருந்தால் இதையே இரண்டாகப் பிரித்து விடலாம். விடியற்காலையில் பாய்ச்சினால் ஆவியாவது குறையும்.

புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் கத்தி படவேண்டாம். கோடையில் ஒன்றரை அங்குலம் விட்டால் மண்ணுக்கு அதுவே நிழல். வெட்டிய துணுக்குகளைப் பொடியாகப் பரவ விட்டால் மட்கி உரமாகும்.

உரம் ஏரிக்குப் போகக் கூடாது

மழை வரும் நேரம் பார்த்து யூரியா தூவினால், அது புல்லுக்குச் சேராமல் கால்வாய் வழியாக ஏரிக்குப் போகும். அங்கே பாசியும் ஆகாயத்தாமரையும் செழிக்கும். மீன் மூச்சுத் திணறும். யூரியா போட்டே ஆக வேண்டுமென்றால் ஏக்கருக்கு ஒரு தடவை 20 கிலோவைத் தாண்டாமல் போட்டு, லேசாக நீர் விட வேண்டும். பருவமழை முடிந்ததும் சலித்த மட்கிய தொழுவுரம் ஏக்கருக்கு ஒரு டன், மணலுடன் கலந்து தூவுவது அதைவிட நல்லது. பிள்ளைகள் விழுந்து புரளும் இடத்தில் களைக்கொல்லி வேண்டாம். கோரையையும் பார்த்தீனியத்தையும் கையால் பிடுங்கலாம்.

இங்கிலாந்தில் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் என்ற கால்பந்து கிளப், பூச்சிக்கொல்லி இல்லாமல் இயற்கை முறையிலேயே தன் மைதானத்தைப் பராமரிக்கிறது. தொழில்முறை ஆட்டத்துக்கே அது தாங்குகிறது என்றால், ஊர் மைதானத்துக்குத் தாங்காதா?

சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் கலந்த கால்வாய் நீரைச் சுத்திகரிக்காமல் பாய்ச்சுவது கூடவே கூடாது. புல் பசுமையாகத் தெரியும். மண்ணும் அக்கம்பக்கத்துக் கிணறும் கெடும். ஆடுகளத்துக்கு ஏரிக் களிமண் வேண்டுமானால் முறையாக அனுமதி பெற்றே எடுக்க வேண்டும்.

மழையைப் பிடித்து வையுங்கள்

காஞ்சிபுரம் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. மழை பெய்கிறது. ஒரு ஏக்கரில் விழுவது 48 லட்சம் லிட்டர். அதில் கால் பங்கைப் பிடித்தாலும் 12 லட்சம். மைதானத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை, அதை நோக்கி லேசான சரிவு, ஓரங்களில் வேம்பும் புங்கனும் இருந்தால் போதும். குட்டையில் நிற்பது கோடையின் தொடக்கத்துக்கு உதவும். கசிவது கிணற்றுக்குப் போகும். குட்டையைச் சுற்றி வேலி அவசியம். கோயில் குளங்களுக்கு மழைநீர் வந்து சேரக் கால்வாய் வெட்டிய ஊருக்கு இது புதிய வித்தை அல்ல.

கடும் வறட்சியில் புல்லுக்கு நீரை நிறுத்தினாலும் பாதகமில்லை. அருகு காய்ந்து பழுப்பாகும். வேர் உயிரோடிருந்தால் முதல் மழையில் தழைத்துவிடும். கருகிய நெல் அப்படித் திரும்பி வராது. யாருக்கு முதலில் தண்ணீர் என்ற பேச்சு கிராம சபையில் வந்தால், இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்து முடிவெடுக்கலாம்.