வேலிக்கு மேலே விதைக் குண்டு!

குண்டு பறந்தது. வேலியைத் தாண்டிப் போய்க் குப்பைமேட்டில் விழுந்தது. "பட்" என்று உடைந்தது. ஆனால் வெடிக்கவில்லை. உள்ளே இருந்தது வெடிமருந்து அல்ல, பூ விதை!

இந்த வேடிக்கை நடந்தது அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில். ஆண்டு 1973. குண்டு வீசிய கூட்டத்துக்குத் தலைவி ஒரு பெண். லிஸ் கிறிஸ்டி என்பது அவர் பெயர். அவர் ஓர் ஓவியர்.

நியூயார்க் என்றதும் வானத்தைத் தொடும் மாளிகைகள்தான் நம் கண் முன் வரும். ஆனால் அந்த நாளில் அங்கே ஏழைகள் குடியிருந்த பகுதிகளைப் பார்த்தவர்கள், "இங்கே ஏதும் சண்டை நடந்ததா?" என்று கேட்டார்கள். தெருவுக்குத் தெரு இடிந்த சுவர்; கரிந்த ஜன்னல்; குப்பை மேடு.

ஏன் அப்படி ஆயிற்று?

வசதி உள்ளவர்கள் நகரத்தை விட்டு வெளியே குடிபோனார்கள். தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வேலை போனவர்களால் வாடகை கொடுக்க முடியவில்லை. வாடகை வராத வீட்டை எந்தச் சொந்தக்காரர் பழுதுபார்ப்பார்? வரியும் கட்டவில்லை. "இன்சூரன்சு" பணத்துக்கு ஆசைப்பட்டுத் தங்கள் கட்டிடத்துக்குத் தாங்களே தீ வைத்தவர்களும் உண்டு! வரிப் பாக்கிக்காக நகரசபை கட்டிடங்களை எடுத்துக் கொண்டது. ஆபத்தாக இருந்தவற்றை இடித்தது. இடித்த கல்லையும் காரையையும் அள்ளிப்போட அதனிடமும் பணம் இல்லை. 1975-ல் நியூயார்க் நகரசபையே திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது.

இப்படி ஆயிரக்கணக்கான மனைகள் கேட்பாரற்றுக் கிடந்தன.

குரங்கு அல்ல!

பௌரி வீதியும் ஹௌஸ்டன் வீதியும் சந்திக்கும் மூலையில் அப்படி ஒரு மனை இருந்தது. லிஸ் கிறிஸ்டி அந்தப் பக்கம் குடியிருந்தார்.

ஒரு நாள் அவர் ஒரு காட்சியைப் பார்த்தாராம். காலி மனையில் யாரோ எறிந்துவிட்டுப் போன பழைய ஐஸ் பெட்டி. அதற்குள் ஒரு சிறுவன் ஏறி விளையாடிக்கொண்டிருந்தான். கதவு மூடிக்கொண்டால் மூச்சு முட்டிச் செத்துப் போவான்! லிஸ் பதறிப்போய்ப் பையனின் தாயிடம் சொன்னார். "நீங்களே ஏதாவது செய்யுங்களேன்" என்று அந்தத் தாய் திருப்பிச் சொன்னாளாம். அங்கே தோட்டம் பிறந்த கதையை இப்படித்தான் சொல்லுகிறார்கள்.

லிஸ் தம் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டார். "பச்சை கொரில்லாக்கள்" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கொரில்லா என்றதும் குரங்கை நினைத்துவிடாதீர்கள்! மறைந்திருந்து திடீர் என்று தாக்கிவிட்டு ஓடிவிடும் சண்டைக்குக் "கொரில்லாப் போர்" என்று பெயர். இவர்களும் அப்படித்தான். வேலி போட்டுப் பூட்டிய மனைக்குள் போக முடியாது. ஆகவே, பலூனிலும், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் மெல்லிய கண்ணாடி உருண்டையிலும் விதையும் உரமும் அடைத்து வெளியில் நின்றே வீசினார்கள். சாலை நடுவில் இருந்த மண் திட்டுகளில் சூரியகாந்தி விதை ஊன்றினார்கள். ஆள் இல்லாத கட்டிடங்களின் ஜன்னல் விளிம்பில் பூந்தொட்டி வைத்தார்கள்.

"கண்ணாடித் துண்டு பிள்ளைகளின் காலைக் குத்தாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நல்லவேளையாகக் களிமண் உருண்டை பின்னால் பிரபலமாகிவிட்டது. மசனோபு புகோகா என்ற ஜப்பான் விவசாயி விதையைக் களிமண்ணில் உருட்டிக் காயவைத்து வயலில் எறிவார். பறவை தின்னாது, மழை பெய்ததும் முளைக்கும். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உருட்டும் விதைப்பந்தும் அந்த இனம்தான்.

மாதம் ஒரு டாலர்

விதை எறிந்தால் மட்டும் போதுமா? ஹௌஸ்டன் வீதி மனைக்குள்ளேயே இறங்கிவிட்டார்கள். குப்பையை வாரினார்கள். வேலியைச் சரிசெய்தார்கள். எல்லாம் அனுமதி இல்லாமல்தான்!

மண்தான் பெரிய தொல்லை. இடித்த வீட்டு மனையில் மண்ணைவிடச் செங்கல்தான் அதிகம். அதுமட்டுமா? பழைய காலத்துப் பெயிண்டில் ஈயம் கலந்திருந்தது. பெட்ரோல் புகையிலும் ஈயம் இருந்தது. அது மண்ணில் இறங்கினால் லேசில் போகாது. அந்த மண்ணில் விளைந்த கீரையைத் தின்றாலும் கேடு. மண்ணில் விளையாடிய குழந்தை கையை வாயில் வைத்தாலும் கேடு. ஆகவே இப்படிப்பட்ட இடங்களில் பழைய தரையைக் கொத்தமாட்டார்கள். பலகையால் சட்டம் அடித்து, வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல மண்ணையும் மக்கிய எருவையும் கொட்டி, மேட்டுப்பாத்தி கட்டுவார்கள். லிஸ் கூட்டத்தார் 60 மேட்டுப்பாத்தி கட்டிக் காய்கறி போட்டார்கள். பிறகு மரமும் பூச்செடியும் வைத்தார்கள்.

நகரசபை என்ன செய்தது? அத்துமீறி நுழைந்தார்கள் என்று விரட்டியிருக்கலாம். ஆனால் 1974 ஏப்ரலில் அந்த இடத்தை அவர்களுக்கே வாடகைக்குக் கொடுத்துவிட்டது. வாடகை எவ்வளவு தெரியுமா? மாதம் ஒரு டாலர்!

இதைப் பார்த்து மற்றத் தெருக்காரர்களும் மண்வெட்டியைத் தூக்கினார்கள். போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் தங்கள் ஊர் வழக்கப்படி தோட்டத்துக்குள் சின்ன மரவீடு கட்டின. தக்காளி, மிளகாய், கொத்தமல்லி பயிராக்கின. கிழவர்கள் நிழலில் உட்கார்ந்து விளையாடினார்கள். 1978-ல் நகரசபையே இந்தத் தோட்டங்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. அதற்குக் "கிரீன் தம்ப்" என்று பெயர். பச்சைக் கட்டைவிரல் என்று பொருள். செடி வைத்தால் தழைக்கும் கைராசிக்காரரை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள்.

ஏதேன் தோட்டம் அழிந்தது

லிஸ் கிறிஸ்டி 1985-ல் இறந்துவிட்டார். மறு ஆண்டு அந்தத் தோட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அதே 1986-ல், அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், இன்னொரு தோட்டத்தில் இயந்திரம் புகுந்தது.

அந்தத் தோட்டத்தை உண்டாக்கியவர் ஆடம் பர்ப்பிள். பர்ப்பிள் என்றால் ஊதா. அவரே தமக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. தாடி வைத்த ஆசாமி. அவர் 1975-ல் தம் வீட்டுக்குப் பின்னால் இருந்த இடிபாட்டில் வேலை தொடங்கினார். பூங்காவில் வண்டிக் குதிரைகள் போட்ட சாணத்தைச் சைக்கிளில் சுமந்து வந்தார். செங்கல் பொடியும் சாணமும் சேர்ந்து மண் ஆயிற்று. நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஒரு வட்டம் என்று பாத்தி விரிந்துகொண்டே போயிற்று. 15,000 சதுர அடி, 45 மரங்கள். "ஏதேன் தோட்டம்" என்று பெயரிட்டார்.

அந்த இடத்தில் ஏழைகளுக்கு வீடு கட்டப்போவதாக நகரசபை அறிவித்தது. "தோட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் வீடு கட்டுங்கள்" என்று சிலர் யோசனை சொன்னார்கள். எடுபடவில்லை. 1986 ஜனவரி 8-ந் தேதி தோட்டம் தரைமட்டம் ஆனது. பிறகு அங்கே வீடுகள் எழும்பின.

ஏழைக்கு வீடு வேண்டாமா? கட்டாயம் வேண்டும். குளிரில் குழந்தையோடு நிற்கும் தாயிடம் போய் ரோஜாவின் பெருமையைப் பேச முடியாது. ஆனால் அப்போது நகரசபையின் கையில் வேறு காலி மனைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. உழைத்துப் பண்படுத்திய இடத்தைத்தான் எடுக்க வேண்டுமா? இந்த வழக்கில் எனக்குத் தோட்டக்காரர் பக்கம்தான் மனம் சாய்கிறது.

இதில் இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. தோட்டம் வந்ததால் தெரு அழகாயிற்று. தெரு அழகானதால் மனை விலை ஏறிற்று. விலை ஏறியதும் தோட்டத்துக்கே ஆபத்து வந்தது!

சில்வண்டுப் படை

1990-ம் ஆண்டுகளின் கடைசியில் மேயர் ஜூலியானி தோட்ட மனைகளை ஏலத்தில் விற்கத் துணிந்தார். மக்கள் கொதித்தார்கள். 1998 ஜூலையில் ஏலம் நடந்த மண்டபத்துக்குள் எதிர்ப்பாளர்கள் 10,000 சில்வண்டுகளை அவிழ்த்துவிட்டார்கள்! ஏலம் எடுக்க வந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள்.

அடுத்த ஆண்டு மே மாதம் 114 தோட்டங்கள் ஏலத்துக்கு வர இருந்தன. நல்லவர்கள் சிலர் குறுக்கிட்டார்கள். நிலங்களைக் காப்பாற்றும் ஒரு தர்ம ஸ்தாபனமும், சினிமா நடிகை பெட் மிட்லர் நடத்திய சங்கமும் சேர்ந்து, ஏலத்துக்கு முதல் நாள் 42 லட்சம் டாலர் கொடுத்து அத்தனையையும் வாங்கிவிட்டன. ஒரு காலத்தில் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று கிடந்த மனைகள் அவை!

எல்லாத் தோட்டத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. ஏழாவது வீதியில் "எஸ்பெரான்சா" என்ற தோட்டம் இருந்தது. ஸ்பானிய மொழியில் அதற்கு நம்பிக்கை என்று பொருள். போர்ட்டோ ரிக்கோ குடும்பம் ஒன்று தொடங்கி, 22 ஆண்டுகள் வளர்த்த தோட்டம். அதைக் காக்க வந்தவர்கள் வாசலில் ஒரு பிரமாண்டமான தவளை பொம்மை செய்து வைத்தார்கள். "கோக்கீ" என்று கத்தும் தவளை அவர்கள் தீவின் செல்லப் பிராணி. அந்தப் பொம்மைக்குள் இரவும் பகலும் ஆள் காவல் இருந்தது.

2000 பிப்ரவரி 15-ந் தேதி போலீசார் வந்தார்கள். தோட்டத்துக்குள் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டிருந்தவர்களை அறுத்து எடுத்தார்கள். சுமார் 30 பேர் கைதானார்கள். தோட்டம் அழிந்தது. அங்கே எழுந்த கட்டிடத்தில் ஒரு பங்கு வீடுகள்தான் குறைந்த வாடகைக்கு. மற்றவை சந்தை விலைக்கு!

அன்றைக்கே ஒரு திருப்பம். மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் கோர்ட்டுக்குப் போய், மற்றத் தோட்டங்களைத் தொடக் கூடாது என்று தடை வாங்கினார். சில மணி நேரம் முந்தியிருந்தால் எஸ்பெரான்சாவும் பிழைத்திருக்கும்.

2002-ல் புதிய மேயர் புளூம்பெர்க் காலத்தில் சமரசம் ஏற்பட்டது. சுமார் 400 தோட்டங்கள் தப்பின. இன்று "கிரீன் தம்ப்" திட்டத்தில் 550-க்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன.

லிஸ் கிறிஸ்டி தோட்டமும் இருக்கிறது. சின்னக் குளம், அதில் மீனும் ஆமையும். ஒரு பக்கம் தேன்கூடு. வேலிக்கு வெளியே ஹௌஸ்டன் வீதியில் கார்கள் பறக்கின்றன. நிலம் இன்னும் நகரசபையுடையதுதான். தோட்டம் போடுபவர்கள் கையில் பட்டா கிடையாது. அனுமதிச் சீட்டு மட்டும்தான். தவணை முடிந்தால் அதைப் புதுப்பிக்க வேண்டும்.