புயல் கூண்டும் சம்பா கோதுமையும்

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமியாருக்குச் சர்க்கரை. பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு வீட்டில் சம்பா கோதுமை ரவை உப்புமா, சம்பா கோதுமைக் கஞ்சி என்றே ஓடுகிறதாம். "இதைச் சாப்பிட்டால் நோய் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறார்களே, உண்மையா சார்?" என்று கேட்கிறார்.

மாமியாருக்கு எது ஆகும், எது ஆகாது என்பதை டாக்டரிடம் கேளுங்கள் அம்மா. எனக்குத் தெரிந்தது வேறு. சாப்பிடுகிறவருக்குச் சம்பா கோதுமை என்ன தருகிறதோ, தனக்கென்று அது வைத்திருக்கும் எதிர்ப்புச் சக்தி உலகப் பிரசித்தம். நூறு வருஷமாக அமெரிக்காக்காரரும் ஆஸ்திரேலியாக்காரரும் அதைத் தேடி எடுத்துப் போயிருக்கிறார்கள். நாம்தான் உப்புமாவோடு நிறுத்திக்கொண்டோம்.

ராயபுரம், காசிமேட்டுக்காரர்களான நாங்கள் கோதுமை வயலைச் சினிமாவில்தான் பார்த்திருப்போம். எங்களுக்குக் கோதுமை என்றால் ரேஷன் கடை. எங்கள் அப்பா காலத்துக்காரர்களுக்கு அமெரிக்கக் கப்பல். 1956-இல் கையெழுத்தான பி.எல். 480 ஒப்பந்தத்தின் கோதுமை சென்னைத் துறைமுகத்திலும் வந்து இறங்கியது. ஆனாலும் கோதுமையின் தலையெழுத்துக்கும் இந்தக் கடற்கரைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமே அதுதான்.

கோதுமைக்கு வரும் நோய்களில் பெரிய எமன் துருநோய். கறுப்பு, பழுப்பு, மஞ்சள் என்று மூன்று வகை. தண்டைத் தாக்கும் கறுப்புத் துரு வந்தால், அறுவடைக்குச் சில வாரம் இருக்கும்போது செங்கல் தூள் நிறத்தில் கொப்புளங்கள் வெடித்து, நின்ற பயிர் மடிந்து விழும். 1946-47-இல் மத்திய இந்தியாவில் அப்படி விழுந்தது. அது ஒரு பூசணம். உயிருள்ள பயிரில் மட்டுமே வாழும். இங்கேதான் ஒரு புதிர். வட இந்தியச் சமவெளியில் மே, ஜூன் வெயிலுக்கு அந்தப் பூசண வித்துகள் தாங்காது. வயலில் அப்போது கோதுமையும் கிடையாது. ஆக, நோய் ஆண்டுதோறும் செத்துப்போக வேண்டும். அது ஆண்டுதோறும் வந்தது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பார்பெரி என்ற முட்புதர் இந்தப் பூசணத்துக்கு இன்னொரு வீடு. அமெரிக்கர்கள் 1918 முதல் அதை வேரோடு பிடுங்க ஆரம்பித்தார்கள். இங்கே அந்தப் புதருக்கு வேலை இல்லை என்று கண்டுபிடித்தவர் ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே.சி. மேத்தா. பல ஆண்டுகள் மலை மலையாக அலைந்து அவர் சொன்ன பதில்: நோய் மலையில் கோடையைக் கழிக்கிறது. வடக்கே இமயம், தெற்கே நீலகிரியும் பழனி மலையும். அங்கே ஆண்டு முழுக்கக் குளிர். ஏதாவது ஒரு சரிவில் கோதுமையோ, தானாக முளைத்த கோதுமைச் செடியோ பச்சையாக நிற்கும். கறுப்புத் துருவுக்குத் தெற்கு மலைகள்தான் முக்கியப் புகலிடம்.

சரி, குன்னூர்ப் பக்கம் கிடக்கும் வித்து போபாலுக்கு எப்படிப் போகும்? ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். 1975-இல் எஸ். நாகராஜனும் ஹர்ஜித் சிங்கும் வெளியிட்ட 'இந்தியத் தண்டுத் துரு விதிகள்' அதற்குப் பதில். வங்கக் கடலிலோ அரபிக் கடலிலோ ஒரு புயல் சின்னம் உருவாகி மத்திய இந்தியாவுக்குப் போய்க் கரைய வேண்டும். தென்-மத்திய இந்தியா மேல் உயர் அழுத்தம் அசையாமல் நிற்க வேண்டும். வடமேற்கிலிருந்து வரும் குளிர்காலக் காற்றுச் சுழலின் தாழ்வுப் பள்ளம் தெற்கு வரை நீள வேண்டும். மூன்றும் கூடிவந்தால் நீலகிரியில் கிளம்பிய வித்து காற்றேறிப் போய், மத்திய இந்தியாவில் மழையோடு இளம் பயிர் மேல் இறங்கிவிடும். செயற்கைக்கோள் மேகப் படங்களைப் பார்த்தார்கள், மழை நீரைப் பிடித்து அதில் வித்து இருக்கிறதா என்று தேடினார்கள், இருந்தது.

நவம்பரில் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது என்றால் எங்கள் பக்கம் நடப்பது எல்லோருக்கும் தெரியும். விசைப்படகுகளை நெருக்கிக் கட்டுவார்கள், வஞ்சிரம் விலை ஏறும், பள்ளிக்கூடம் லீவா என்று பிள்ளைகள் டி.வி. முன்னால் உட்காரும். அதே கூண்டைப் பார்த்து, மத்தியப் பிரதேசத்து விவசாயிக்குத் தை, மாசியில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் நாகராஜனும் சிங்கும். இதை நம் பாடப்புத்தகத்தில் ஏன் வைக்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை.

நோய் கோடை கழிக்கும் இடத்திலேயே அதை மடக்கலாமே என்பதுதான் அடுத்த யோசனை. அதற்காக 1954-இல் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு நிலையம் வைத்தது. அங்கே துருநோய்க்கு ஓய்வு நாள் கிடையாது. நாட்டின் பல இடங்களிலிருந்து கோதுமை ஆராய்ச்சியாளர்கள் புதிய ரகங்களை அனுப்பி அங்கே நோய் தாங்குகிறதா என்று சோதிக்கிறார்கள்.

இனி சம்பாவுக்கு வருவோம். மராத்தியர் கப்ளி என்பது இதைத்தான். சப்பாத்திக் கோதுமைக்கு 42 குரோமோசோம், இதற்கு 28. களத்தில் அடித்தாலும் உமி விடாது. தனியாகக் குத்தி எடுக்க வேண்டும். 1922 வாக்கில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டேக்மன் என்பவர், துருப் பூசணத்தின் உள்பிரிவுகளை அடையாளம் காணப் பன்னிரண்டு கோதுமைகளை வரிசையாக வைத்தார். எது விழுகிறது, எது நிற்கிறது என்று பார்த்து, வந்திருப்பது எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம். அந்தப் பன்னிரண்டில் ஒன்று இந்தியாவிலிருந்து போன கப்ளி. பெரும்பாலான பிரிவுகளுக்கு எதிரே நின்றது. சிட்னியில் வாட்டர்ஹவுஸ் என்பவர் அதைச் சப்பாத்திக் கோதுமை இனத்தோடு ஒட்டுச் சேர்த்தார். குரோமோசோம் எண்ணிக்கை ஒத்துவராததால் இப்படிப்பட்ட கலப்பில் பெரும்பாலும் மலட்டுச் செடிதான் மிஞ்சும். ஆனாலும் பிடிவாதமாகச் செய்து 'கப்ஸ்டைன்' என்று ஒன்றை எடுத்தார்.

எதிர்ப்பு எப்படி நடக்கிறது? துறைமுக வாயிலை நினைத்துக்கொள்ளுங்கள். காவலரிடம் ஒரு போட்டோ இருக்கிறது. அந்த முகம் வந்தால் உள்ளே விடமாட்டார். எஸ்.ஆர்.31 போன்ற மரபணுக்கள் அப்படித்தான். பூசணம் இறங்கிய இடத்தில் பயிர் தன் செல்லையே சாகடித்துவிடும். உயிருள்ள செல்லை நம்பி வந்த பூசணம் அங்கேயே பட்டினி கிடந்து சாகும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் வந்தவன் மீசையை எடுத்துவிட்டு வந்தால் காவலர் சலாம் போட்டு அனுப்பிவிடுவார். 1998-இல் உகாண்டாவில் அதுதான் நடந்தது. யு.ஜி.99 என்று பெயர் வாங்கிய புதிய பிரிவு, எஸ்.ஆர்.31-ஐக் கடந்துவிட்டது. வட இந்தியாவில் ஏக்கர் ஏக்கராக ஓடிய பி.பி.டபிள்யூ. 343 என்ற கோதுமை ரகம் அந்த மரபணுவைப் பெரிதும் நம்பித்தான் கறுப்புத் துருவுக்கு எதிரே நின்றிருந்தது. கப்ளியிலிருந்து வந்த எஸ்.ஆர்.13 யு.ஜி.99-க்கு மசியவில்லை. வெப்பம் கூடினால் அதன் வேலையும் கூடும். 2017-இல்தான் அந்த மரபணு எது என்று பிரித்துக் காட்டினார்கள்.

இன்னொரு வகைக் காவல் உண்டு. போட்டோ கிடையாது, யாரையும் திருப்பி அனுப்புவதும் கிடையாது. எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரி வரிசை மாதிரி, எல்லாரையும் நகரவிடாமல் நகர்த்துவது. லாரி உள்ளே போவதற்குள் கப்பல் கிளம்பிவிடும். எஸ்.ஆர்.2 இந்த ரகம். பூசணம் வரும், கொப்புளமும் வரும்; அது பெருகுவதற்குள் கதிர் முற்றிவிடும். இதுவும் சம்பாவின் பங்காளியான யாரோஸ்லாவ் என்ற ரஷ்ய உமிக் கோதுமையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் தெற்கு டகோட்டாக்காரர் மக்ஃபாடன் 1916-இல் அதைக் கலந்தார். அங்கிருந்து கோதுமை விஞ்ஞானி போர்லாக்கின் மெக்சிகோ கோதுமைகளுக்கும் போயிற்று. நூறு வருஷத்துக்குப் பிறகும் அது கைவிடவில்லை. கெட்டிக்காரக் காவலரைவிட மெத்தனமான வரிசை நீண்ட நாள் காக்கும்; இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் இன்றைய உத்தி.

இதையெல்லாம் படித்துவிட்டு, பாரம்பரிய ரகம் என்றாலே நோய் அண்டாது என்று யாரும் மேடையேற வேண்டாம். 1946-47-இல் மடிந்து விழுந்தவை எல்லாம் பசுமைப் புரட்சிக்கு முந்திய ரகங்கள்தான். பழையது என்பதால் ஒரு விதை உயர்ந்ததாகிவிடாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பூசணத்தோடு மல்லுக்கட்டிய பயிர்களில் சிலவற்றிடம் சில ஆயுதங்கள் மிஞ்சியிருக்கின்றன. எந்தப் பயிரிடம் எது என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால்தான் எதையும் தொலைக்கக் கூடாது என்கிறேன்.

நாமோ தொலைப்பதில் கெட்டிக்காரர்கள். நீலகிரியில் கோதுமை விளைந்த சரிவுகளில் இன்று தேயிலையும் கேரட்டும். விதை டெல்லி மரபணு வங்கியின் குளிர்ப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, சரி. ஆனால் பெட்டியில் தூங்கும் விதை புதிய பூசணத்தைச் சந்திப்பதில்லை. வயலில் நிற்பதுதான் சந்திக்கும். வெலிங்டன் நிலையம் 'நீலகிரி கப்ளி' என்ற குட்டை ரகத்தைக் கொடுத்திருக்கிறது. பழைய சம்பாவைப் போல நெடுநெடுவென்று வளர்ந்து சாயாது. பயிரிட ஆள் வேண்டும். அதற்கு வாங்க ஆள் வேண்டும்.

ஆகவே, வாசகி அம்மாவுக்கும் அவர்போல வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பாக்கெட்டில் இருக்கும் மருத்துவப் பெருமையைப் படிக்காதீர்கள். 'டைகாக்கம்' என்ற இனப்பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் மட்டும் சம்பாவாக இருக்கும் வேறு கோதுமையும் கடையில் உண்டு. எங்கே விளைந்தது என்று மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கேளுங்கள். இரண்டு பேர் கேட்டால் அவர் மண்டியில் கேட்பார். அசல் உமிக் கோதுமை விலை கூடுதலாகத்தான் இருக்கும். அதில் உமி நீக்கும் கூலியும் சேர்ந்திருக்கிறது. கொடுக்கலாம்.