சனிக்கிழமை மட்டும் மாத்திரைக்கு லீவா?

சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்களோடு உட்காரப் போகிறோம் என்றால், பலர் முதலில் தள்ளிவைப்பது கொழுப்பு மாத்திரையைத்தான். “சரக்கோட சேர்ந்தா ஈரல் போயிடும்” என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கிளாஸ் கைக்கு வரும். மாத்திரை அட்டையிலேயே தங்கிவிடும்.

இதில் லாபம் ஒன்றுமில்லை. ஸ்டாட்டின் வகைக் கொழுப்பு மாத்திரைகளான அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் இரண்டுமே மெதுவாகக் கழிபவை. முந்தைய நாள் போட்டதன் வேலை மறுநாளும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஈரல் பயத்துக்கு வருவோம். ஜப்பானில் விஞ்ஞானி அகிரா எண்டோ 1973-ல் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். கல்லீரலுக்குள்ளேயே கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் மருந்து என்பதால், கல்லீரல் கெடுமோ என்ற பயமும் கூடவே வந்தது. ஆனால், கடுமையான பாதிப்பு அபூர்வம் என்று தெரிந்த பிறகு, அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் கைவிட்டது. தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு தேவைப்பட்டால் போதும்.

சரி, சரக்கு? ஸ்டாட்டின் போடுபவர் அறவே தொடக் கூடாது என்று பொதுத்தடை கிடையாது. விவகாரம் அளவில் இருக்கிறது. 180 மில்லி குவார்ட்டரில் ஆல்கஹால் 42.8 சதவீதம், எடையில் ஏறக்குறைய 60 கிராம். பிரிட்டன் வாரம் முழுவதற்கும் வைத்திருக்கும் உச்சவரம்பே 14 யூனிட், அதாவது 112 கிராம். இரண்டு குவார்ட்டரில் அது தாண்டிவிடும். நம்மூரில் அது ஒரே ராத்திரிக் கணக்கு!

டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இன்னொரு தலைவலி. மதுவே அதை ஏற்றும். சிக்கன் 65-உம் மிக்சரும் தங்கள் பங்குக்கு ஏற்றும். டெசிலிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் கணைய அழற்சி பயமும் சேர்ந்துகொள்ளும். மாத்திரை இறக்குவதைச் சைடு டிஷ் ஏற்றுகிறது. பழி மட்டும் மாத்திரைக்கு.

ஈரல் பரிசோதனை ரிப்போர்ட்டிலும் இந்தக் கதை தெரியும். மதுவால் கெட்ட கல்லீரலில் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதியைவிட எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி எகிறியிருக்கும், பெரும்பாலும் இரண்டு மடங்கு. அதனால், “குடிப்பீங்களா?” என்று டாக்டர் கேட்கும்போது, “எப்பவாச்சும் சார்” என்ற பதில் அவருக்கு உதவாது. வாரத்துக்கு எத்தனை குவார்ட்டர் என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே கல்லீரல் நோய் இருப்பவருக்கு இந்தக் கணக்கே வேறு. அவர் ஒரு சொட்டுகூடத் தொடாமல் இருப்பதுதான் சரி.

தசை விஷயமும் உண்டு. ஸ்டாட்டின், அதிக மது இரண்டுமே தசையைப் பாதிக்கக்கூடியவை. காரணமில்லாமல் தொடையிலும் தோளிலும் கடும் வலி, கூடவே சிறுநீர் கட்டஞ்சாயா நிறத்தில் போனால், அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.