சிங்கம் திரும்பிப் பார்க்கும் இடம்

நன்னூல் என்றதும் புணர்ச்சி விதிகளும் தேர்வுக்கூடமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதன் முன்வாசலில் இருக்கும் பாயிரம் என்ற முன்னுரையை அவ்வளவாக யாரும் சீண்டுவதில்லை. சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டபடி சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பு பவணந்தி முனிவர் இயற்றிய இந்த இலக்கண நூலில், ஒரு நூலை எப்படிக் கட்டுவது என்பதற்கான வரைபடம் பாயிரத்தில்தான் இருக்கிறது.

சூத்திரங்கள் அடுத்தடுத்து நிற்கும் நிலையை நன்னூல் நான்காகப் பிரிக்கிறது. முதலாவது ஆற்றொழுக்கு: ஒன்றன்பின் ஒன்றாகத் தடையின்றி ஓடுவது. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ சொந்த ஊரில் தொடங்கிக் கால வரிசையில் நகர்வதை இதற்குக் காட்டலாம். அரிமா நோக்கம் சிங்கத்தின் பார்வை. முன்னதையும் பின்னதையும் ஒருசேரப் பார்க்கும். நல்ல கட்டுரையின் நடுவில், சொன்னதை முடித்து, சொல்லப்போவதற்குக் கதவு திறக்கும் ஒரு பத்தி இருக்குமே, அதுதான். இடையில் உள்ளதைத் தாண்டி அப்பால் உள்ளதோடு சேர்வது தவளைப் பாய்த்து. எங்கிருந்தோ இறங்கி, வேண்டியதைக் கவ்விக்கொண்டு போய்விடுவது பருந்தின் வீழ்வு. பருந்து அளவோடு இறங்கினால் அழகு. பத்திக்குப் பத்தி இறங்கினால் வாசகர் ஓடிவிடுவார்.

நூல் எழுதும் உத்திகள் என்று 32 உண்டு. சொல்லப்போவதை முதலில் அறிவித்துவிட்டு உள்ளே நுழைவது நுதலிப் புகுதல். தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல் இரண்டும் இன்றைய பாடநூல்களின் உயிர். முன்பு சொன்ன விதியைப் பின்னால் வருவதற்கும் பொருத்தி, திரும்பச் சொல்லும் வேலையை மிச்சப்படுத்துவது மாட்டெறிந்து ஒழுகல். கலைக்களஞ்சியத்தில் ‘காண்க’ என்று வேறு தலைப்புக்கு நம்மை அனுப்புவதும் ஏறக்குறைய இதே சிக்கனம்தான்.

நூலில் வரக்கூடாத குற்றங்கள் பத்து. கூறியது கூறல், மிகைபடக் கூறல் எல்லாம் ஊரறிந்தவை. இன்றைய பத்திரிகைக் கட்டுரைகளை அதிகம் பிடித்திருப்பது ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்ற நோய்: ஆரவாரமாகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, எங்கோ நின்றுபோவது.

ஆசிரியர் தம்மைத் தாமே புகழக் கூடாது என்பதால், ஒரு நூலுக்கே உரிய முன்னுரையான சிறப்புப் பாயிரத்தை அவருடைய ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணவரோ, உரைகாரரோ எழுத வேண்டும். நம் அணிந்துரையின் பாட்டனார் இந்தச் சிறப்புப் பாயிரம்தான்! அந்தப் பாயிரம் நூலாசிரியர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், எதற்கு அடுத்து இதைப் படிப்பது, பேசுபொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்த முறை கட்டுரை நூல் வாங்கும்போது முன்னுரையைத் தாண்டிப் போகாதீர்கள். யாருக்கு எழுதியது, படித்தால் என்ன கிடைக்கும் என்ற இரண்டுக்காவது அதில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பணத்தை எடுக்குமுன் பொருளடக்கத்தை நன்றாகப் புரட்டிவிடுங்கள்.